இருபத்தெட்டுக் கோல் விட்ட மாப்பிள்ளை

என் மருமகள் ஆரபி ஒருவனை விரும்புகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அவளுடைய அப்பா இராசலிங்கம் முதலில் கேட்டது, "எந்த ஊர்?" என்றுதான். அதில் பிழை பிடிக்க ஒன்றுமில்லை. எங்கள் ஆட்கள் நெஞ்சுவலி என்று டாக்டரிடம் போனாலும், டாக்டர் தமிழர் என்றால் முதலில் ஊரைத்தான் கேட்பார்கள். நெஞ்சு பிறகு.

நான் இளங்கீரன். ஆரபியின் அம்மா கமலநாயகியின் தம்பி. ஸ்டுட்கார்ட்டில் பஸ் ஓட்டுகிறேன். தாய்மாமன் என்பதால் அந்த வீட்டில் எந்தச் சண்டை நடந்தாலும் எனக்கு ஒரு கதிரை போட்டுவிடுவார்கள். அன்றும் போட்டிருந்தார்கள்.

"ஸ்லோவாக்கியா," என்றாள் ஆரபி.

"அது நாடு. நான் ஊர் கேட்டனான்."

அவள் ஊரைச் சொன்னாள். அந்தப் பெயரில் எனக்குக் கேட்டவரையில் மெய்யெழுத்துகள் மட்டுமே இருந்தன. அக்கா ஒருதரம் திருப்பிச் சொல்லப் பார்த்து இருமினாள். அதோடு நாங்கள் அதை 'அந்த ஊர்' என்றே வைத்துக்கொண்டோம்.

பையனின் பெயர் மாத்தூஷ். என்ன வேலை என்று அத்தான் கேட்டார். ஹேண்ட்பால் என்றாள். வேலையைக் கேட்டேன், பொழுதுபோக்கைக் கேட்கவில்லை என்றார் அத்தான். வேலையே அதுதான் என்றாள். இஸ்க்ரா என்ற கழகத்தின் கோல் காப்பாளன். போன கோடையில் அந்தக் கழகம் பயிற்சிக்காக ஸ்டுட்கார்ட் பக்கம் வந்து தங்கியிருந்தபோது அவனுடைய தோள் பிசகிவிட்டது. ஆரபி ஃபிசியோதெரபிஸ்ட். தோள் அவள் கையில் வந்து சேர்ந்தது. தோள் இரண்டு கிழமையில் சரியாகிவிட்டது. மற்றது சரியாகவில்லை.

ஹேண்ட்பால் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். மண்டபத்துக்குள் பக்கத்துக்கு ஏழு பேர் நின்று, ஒரு சின்னப் பந்தைக் கையால் எறிந்து கோல் போடுவது. இந்த நாட்டில் அதற்குப் பைத்தியம் பிடித்த ஊர்கள் நிறைய இருக்கின்றன. என் பஸ்ஸில் சனிக்கிழமைகளில் கழுத்துத்துண்டோடு ஏறிக் கத்துகிறவர்கள் பாதிப்பேர் அந்தக் கோஷ்டிதான்.

எங்கள் வழக்கத்தில் ஒரு சம்பந்தம் வந்தால் விசாரிக்க வேண்டும். பையனிடமே விசாரிப்பதில் பலனில்லை, அவன் தன்னை நல்லவன் என்றுதான் சொல்வான். அவனுடைய ஊரில் மூன்றாம் ஆள் ஒருவரைப் பிடித்து, சும்மா கதையோடு கதையாக, 'உவையள் எப்பிடி ஆக்கள்?' என்று கேட்க வேண்டும். மாப்பிள்ளை டொரொண்டோ என்றால் கேட்க ஒரு தெருவே இருக்கிறது. ஒஸ்லோ என்றால் அத்தானின் ஒன்றுவிட்ட தம்பி இருக்கிறார். அந்த ஊரில் ஒரு தமிழனும் இல்லை. தமிழன் இல்லாத ஊர் ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது என்பதை அத்தானால் நம்ப முடியவில்லை. அதுவே அந்த ஊரைப் பற்றி அவருக்கு வந்த முதல் சந்தேகம்.

கடைசியில் வழி காட்டியது மேல்மாடி பேர்பெச்சுவா அக்கா. அவர் போகும் தேவாலயத்துக்குப் புதிதாக வந்திருந்த உதவிப் பாதிரியார் ஸ்லோவாக்கியர். அதுவும் அந்தப் பக்கத்துக்காரர். அத்தான் உடனே சேர்ட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினார். தாய்மாமன் என்ற முறையில் நானும் போனேன்.

பாதிரியார் மெலிந்த, சாந்தமான மனிதர். எங்களை இருத்தித் தேநீர் தந்தார். அத்தான் காலநிலை, பாப்பரசரின் உடல்நலம் எல்லாம் கதைத்துவிட்டு, சும்மா கேட்பதுபோல இஸ்க்ராவைப் பற்றிக் கேட்டார்.

பாதிரியாரின் காது சிவந்தது.

"இஸ்க்ராவா?" என்றார். "அவர்கள் கொள்ளைக்காரர்கள்."

பிறகு அவரை நிறுத்த முடியவில்லை. நடுவர்கள் எல்லாரும் அவர்களுடைய சட்டைப்பையில் என்றார். வெளியூர் அணி வந்தால் உடைமாற்றும் அறையில் வெந்நீரை நிறுத்திவிடுவார்கள் என்றார். மற்ற ஊர்ப் பிள்ளைகளைப் பதினாறு வயதிலேயே ஆசை காட்டி இழுத்துவிடுவார்கள் என்றார். அந்த ஊரில் பாவசங்கீர்த்தனத்துக்கு வருகிறவர்கள்கூட முழுதையும் சொல்வதில்லை என்றார்.

"கோல் காப்பாளனைத் தெரியுமோ, ஃபாதர்? மாத்தூஷ் என்று ஒரு பெடியன்," என்று கேட்டார் அத்தான்.

"தெரியும். போன வருட இறுதிப் போட்டியில் கடைசி நிமிடத்தில் எங்களுடைய பெனால்டியைப் பிடித்தவன் அவன்தான்." பாதிரியார் சிலுவையைப் பார்த்தார். "அவனை மன்னிக்கத் தினமும் செபிக்கிறேன். இன்னும் முடியவில்லை."

'எங்களுடைய' என்ற சொல் என் காதில் விழுந்தது. நான் மெல்லக் கேட்டேன். பாதிரியார் பிறந்தது பக்கத்து ஊர். அந்த ஊருக்கும் ஒரு கழகம் உண்டு. அது இஸ்க்ராவுக்குப் பின்னால் வருடா வருடம் இரண்டாவதாக வந்துகொண்டிருக்கிறது.

வெளியே வந்ததும் அத்தானிடம் சொன்னேன். "அத்தான், இது தோத்த ஊர்க்காரன்ர வயித்தெரிச்சல். இவரிட்டை கேக்கிறது, காணிச் சண்டைக்காரனிட்டை பக்கத்து வேலியைப் பற்றிக் கேக்கிறது மாதிரி."

"பாதிரியார் பொய் சொல்லுவாரே?" என்றார் அத்தான். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று சாதிக்கிற மனிதர். எங்கள் வீட்டில் கேரம் ஆடினாலும் அவர் தோற்றதில்லை. தோற்கிற நேரம் வந்தால் பலகை சரிவாக இருக்கிறது என்று எழும்பிவிடுவார்.

அதற்குப் பிறகு அவரே நேரடி ஆராய்ச்சியில் இறங்கினார். இஸ்க்ராவின் சரித்திரம் முழுவதையும் ஆரபி எடுத்துக் கொடுத்தாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சாதகம் பார்ப்பதுபோலப் பார்த்தார். அந்த ஊரில் ஒரு டயர் தொழிற்சாலை இருந்தது. ஐம்பதுகளில் அதன் தொழிலாளர்கள் வேலை முடிந்தபின் வெளி முற்றத்தில், பனி கொட்டினால் கொட்டட்டும் என்று ஆடத் தொடங்கியதுதான் இந்தக் கழகம். செக்கும் ஸ்லோவாக்கும் ஒரே நாடாக இருந்தபோது பிராக் நகர அணிக்குப் பின்னால் அடிக்கடி இரண்டாவது, ஒரே ஒரு தரம் முதலாவது. நாடு பிரிந்த பிறகு இவர்களைப் பிடிக்க ஆளில்லை. தொழிற்சாலையை மூடிவிட்டார்கள், கழகத்தை மூடவில்லை. ஸ்லோவாக்கியச் சாம்பியன் பட்டம் பதினேழு தரம். சில வருடங்கள் ஒரு ஆட்டமும் தோற்காமல். உள்ளூரில் எதிரி போதாது என்று பக்கத்து நாட்டு அணிகளோடு சேர்ந்த லீக்கிலும் போய் ஆடியிருக்கிறார்கள்.

"பாத்தீங்களே அப்பா, பதினேழு!" என்றாள் ஆரபி.

அத்தான் பதினேழைத் தாண்டிப் போயிருந்தார். ஐரோப்பியக் கிண்ணப் பகுதியில் அவருடைய சிவப்புப் பேனா நின்றது. முதற்சுற்றில் வெளியே. இரண்டாம் சுற்றில் வெளியே. திரும்பவும் முதற்சுற்று. ஜெர்மன் அணிகளோடு பல தரம் மோதியிருக்கிறார்கள். ஜெர்மன் மண்ணில் ஒரு தரமும் வென்றதில்லை.

"வீட்டில எலி வெளியில புலி எண்டு கேள்விப்பட்டிருக்கிறன்," என்றார் அத்தான். "இது வீட்டில புலி. படலையைத் தாண்டினால் எலி. இவன் என்ர பிள்ளையை இந்த நாட்டில வைச்சு எப்பிடிக் காப்பாத்துவான்?"

பிறகு கோல் கணக்குக்கு வந்தார். "போன ஆட்டத்தில இவர் எத்தினை கோல் விட்டவர்?"

"இருபத்தாறு," என்றாள் ஆரபி. "ஆனா அப்பா, அதில இவருக்குத்தான் சிறந்த வீரர் பரிசு."

 அக்கா தேங்காய் துருவுவதை நிறுத்திவிட்டாள். இந்த விளையாட்டில் ஒரு பக்கம் முப்பது கோல் விழுவது சாதாரணம், மூன்றில் ஒன்றைப் பிடித்தாலே அவன் வீரன் என்று ஆரபி பொறுமையாக விளக்கினாள்.

"மூண்டில ஒண்டு!" என்றார் அத்தான். அவர் கார் தொழிற்சாலையில் வேலை செய்கிறவர். "நான் மூண்டில ஒரு ஸ்க்ரூவை இறுக்கினால் என்னை வைச்சிருப்பாங்களோ? வாசல்ல நிக்கிறவன் இருபத்தாறு கள்ளரை உள்ள விட்டிட்டு, பதின்மூண்டு பேரைப் பிடிச்சனெண்டு மெடல் வாங்கிறான். நல்ல உத்தியோகம்."

ஆரபி எழும்பி நின்றாள். கோபம் வந்தால் அவள் குரல் உயராது, தாழும். "அப்பா, நீங்கள் ஓமெண்டு சொல்லாமல் நான் இவரைக் கட்டமாட்டன். அது உங்களுக்கு நான் தாற மரியாதை. ஆனா வேற ஒருத்தரையும் கட்டமாட்டன். அது எனக்கு நான் தாற மரியாதை." சொல்லிவிட்டு வேலைக்குப் போய்விட்டாள். அவளுக்கு அன்று எட்டு நோயாளிகளாம்.

அந்தக் கிழமைதான் ஐரோப்பியக் கிண்ணத்தில் யாரோடு யார் ஆடுவது என்று சீட்டுக் குலுக்கினார்கள். இஸ்க்ராவுக்கு எதிரியாக விழுந்தது ஓபர்பாஹ். ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கே ஓர் ஆட்டம், இங்கே ஓர் ஆட்டம், இரண்டின் கோல்களையும் கூட்டிப் பார்த்து யார் அடுத்த சுற்று என்று முடிவு. அங்கே நடந்த ஆட்டத்தில் இஸ்க்ரா முப்பதுக்கு இருபத்தெட்டு என்று வென்றது. அத்தான் அதைக் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது அவர்கள் வீடு, அங்கே வெந்நீர் இருக்காது என்றார்.

பிறகு எல்லாரையும் கூப்பிட்டுத் தீர்ப்புச் சொன்னார். "இஞ்ச வந்து வெல்லட்டும். வெண்டால் ஓம். தோத்தால் இந்தக் கதையை இந்த வீட்டில திருப்பி எடுக்கக்கூடாது."

அத்தான் ஒரு சொல் சொன்னால் சொன்னதுதான். ஒருதரம் கோபத்தில் இனி உன் காரில் ஏறமாட்டேன் என்று எனக்குச் சொன்னார். இன்றுவரை ஏறவில்லை. நாங்கள் சேர்ந்து ஓரிடம் போவதென்றால் அவர் ரயிலில் வருவார், அவருடைய பை என் காரில் வரும்.

ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை மாலை. அன்று மதியம் மாத்தூஷ் தன் பயிற்சியாளரிடம் கெஞ்சி இரண்டு மணி நேரம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவதாக ஏற்பாடு. அத்தான் அதற்கும் ஒரு சட்டம் போட்டார். தேத்தண்ணி மட்டும். ஏனென்றால் எங்களிடம் சம்பந்தம் முடிவாகாத வீட்டில் கை நனைக்க விடுவதில்லை. கை நனைத்தால், அதாவது இருந்து சாப்பிட்டுவிட்டால், பாதிச் சம்பந்தம் முடிந்த மாதிரி. அக்கா தலையை ஆட்டினாள். அவள் தலையை ஆட்டினால் வேறு திட்டம் வைத்திருக்கிறாள் என்று இவ்வளவு காலம் குடித்தனம் நடத்திய மனிதருக்குத் தெரியவில்லை.

மாத்தூஷ் வந்தான். வாசல்நிலையில் குனிந்து உள்ளே வந்தான். அவ்வளவு உயரம். கையில் பூங்கொத்து. முகத்தில் பரீட்சைக்கு வந்த பிள்ளையின் பயம். அத்தான் அவனைத் தனக்கு எதிரே இருத்தி, அப்பா யார், அம்மா யார், குடிப்பாயா என்று ஜெர்மனில் தொடங்கினார். மூன்றாவது கேள்விக்கு அவன் பதில் சொல்லுமுன் அக்கா ஒரு தட்டோடு வந்தாள். புட்டு, ஆட்டிறைச்சிக் கறி, கத்தரிக்காய்ப் பால்கறி, இறால் பொரியல்.

"என்ன இது?" என்றார் அத்தான்.

"தேத்தண்ணிக்குக் கடிக்க," என்றாள் அக்கா.

"கை நனைக்கக்கூடாதெண்டு சொன்னனான்!"

"அவர் கரண்டியாலதானே சாப்பிடப்போறார்? கை எங்க நனையுது?"

 அத்தான் போட்ட சட்டத்தில் அந்த ஓட்டை இருந்தது.

அடுத்து நடந்ததற்கு இரண்டு நாட்டு நாகரிகமும்தான் பொறுப்பு. அவனுடைய அம்மா அவனை எப்படி வளர்த்திருக்கிறார் என்றால், ஒரு வீட்டில் தந்த சாப்பாட்டைத் தட்டில் மிச்சம் வைப்பது சமைத்தவரை அவமதிப்பது. கடைசிப் புட்டுத்துகள்வரை துடைத்துச் சாப்பிட வேண்டும். என் அக்காவை எங்கள் அம்மா எப்படி வளர்த்திருக்கிறார் என்றால், விருந்தாளியின் தட்டு வெறுமையாக இருப்பது வீட்டுக்காரிக்கு அவமானம். வெறுந்தட்டைக் கண்ட கண்ணுக்கு அகப்பை தானாக எழும்பும்.

அவன் துடைத்தான். அக்கா போட்டாள். அவன் நன்றி சொல்லித் துடைத்தான். அக்கா, "பாவம், பெடியனுக்கு நல்ல பசி," என்று சொல்லிப் போட்டாள்.

"அம்மா காணும்! பின்னேரம் அவருக்கு மேட்ச்!" என்று ஆரபி கத்தினாள்.

"நீ சும்மா இரு. சட்டியில இருந்தால்தானே அகப்பையில வரும்? வயித்தில இல்லாமல் எப்பிடி விளையாடுறது?"

ஆரபி அவன் பக்கம் திரும்பி, தட்டில் கொஞ்சம் மிச்சம் வை, இல்லாவிட்டால் இது நிற்காது என்று ஜெர்மனில் கெஞ்சினாள். "எப்படி வைப்பது? உன் அம்மா பார்த்துக்கொண்டே நிற்கிறார்," என்று அவன் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னான். நெற்றி முழுக்க வியர்வை. கறித்தூள் ஒரு பக்கம், பயம் ஒரு பக்கம். கடைசியில் கறிச்சட்டி முடிந்தபடியால்தான் அவன் தப்பினான். எழும்பும்போது மேசையைப் பிடித்துக்கொண்டு எழும்பினான். அத்தானின் விசாரணை மூன்றாவது கேள்வியிலேயே நின்றுபோனது.

ஓபர்பாஹ் மண்டபம் நிரம்பியிருந்தது. மேளம், ஊதுகுழல், கழுத்துத்துண்டு. அந்த ஊரிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்திருந்த ஆட்கள் ஒரு மூலையில் நின்று பாடிக்கொண்டிருந்தார்கள். நாங்கள் நால்வரும் அவர்களுக்குப் பக்கத்தில். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு நீதவான்போல இருந்தார்.

மாத்தூஷின் புகழே அவன் காலில்தான் இருந்தது என்று ஆரபி சொல்லியிருந்தாள். பந்து வரும் பக்கம் பாய்ந்து, காலைக் காதுவரை தூக்கித் தடுப்பான். ஓபர்பாஹ் ஆட்கள் அதை வீடியோவில் போட்டுப் போட்டுப் பார்த்துப் படித்துக்கொண்டு வந்திருந்தார்களாம். அன்று முதல் பாதியில் அவன் கால் முழங்காலுக்கு மேலே வரவில்லை. ஒருதரம் தூக்கப் பார்த்தான், பாதியில் நிறுத்தி வயிற்றைப் பிடித்தான். கோல் மேலே கோல். பயிற்சியாளர் துவாயை நிலத்தில் எறிந்தார். இடைவேளையில் பதினேழுக்குப் பதின்மூன்று என்று இஸ்க்ரா பின்னால் நின்றது.

"ஆட்டிறைச்சி," என்றாள் ஆரபி, தன் தாயைப் பார்க்காமல்.

 அக்காவின் முகத்தைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது. மகளின் வாழ்க்கையை ஒரு சட்டி கறியில் கவிழ்த்துவிட்டோமே என்று அவள் நினைப்பது அப்படியே தெரிந்தது.

இரண்டாம் பாதியில் மாத்தூஷ் பாய்வதையே விட்டுவிட்டான். பாய முடியவில்லை என்பதுதான் உண்மை. கோலுக்கு நடுவில் கையை விரித்துக்கொண்டு பேசாமல் நின்றான். அங்கேதான் அந்த வேடிக்கை தொடங்கியது. ஓபர்பாஹ் ஆட்கள் எல்லாரும் வீடியோவில் படித்தபடி, அவன் பாய்வான், பாய்ந்தால் இந்த இடம் காலியாகும் என்று அந்த இடத்துக்கு எறிந்தார்கள். அவன் எங்கும் போகவில்லை. பந்து அவன் தோளில் பட்டது. தொடையில் பட்டது. ஒன்று தாடையில் பட்டது. படித்தது ஒன்றும் பரீட்சையில் வராத பிள்ளைகள்போல அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். இஸ்க்ரா ஒவ்வொன்றாக எட்டிப் பிடித்துக்கொண்டு வந்தது.

அத்தானின் கட்டிய கை எப்போது அவிழ்ந்தது என்று நான் கவனிக்கவில்லை. நான் பார்த்தபோது அவர் எழும்பி நின்று, "நில்! அப்பிடியே நில்லடா! அசையாத!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தார். பக்கத்திலிருந்த ஸ்லோவாக்கியர் ஒருவர் அவர் கழுத்தில் தன் துண்டைப் போட்டுவிட்டார். அதையும் அத்தான் கவனிக்கவில்லை.

கடைசி வினாடி. ஓபர்பாஹ் இருபத்தெட்டு, இஸ்க்ரா இருபத்தேழு. ஓபர்பாஹுக்கு ஒரு பெனால்டி. ஏழு மீட்டரிலிருந்து ஒருவன் தனியாக எறிவான், காப்பாளன் தனியாகத் தடுக்க வேண்டும். அது கோலானால் இரண்டு ஆட்டமும் சேர்த்துச் சமன், பிறகு பெனால்டிகளாலேயே தீர்ப்பு. மண்டபம் முழுக்க எழும்பி நின்றது. எறிகிறவன் ஒருதரம் ஏமாற்றினான், இரண்டுதரம் ஏமாற்றினான். மாத்தூஷ் அசையவில்லை. எறிந்தான். பந்து நேரே மாத்தூஷின் வயிற்றில் போய் விழுந்து, அங்கேயே கையில் தங்கியது.

மணி அடித்தது. இஸ்க்ரா ஆட்கள் எல்லாரும் அவன்மேல் விழுந்தார்கள். இரண்டு பஸ் சனமும் ஆடியது. ஆரபி என்னைக் கட்டிப்பிடித்தாள். "பாத்தியே, என்ர கறி!" என்றாள் அக்கா, ஒரு நிமிடத்துக்கு முன்னால் அழுதவள்.

அத்தான் மட்டும் கோல் பலகையைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தெட்டு, இருபத்தேழு.

"தோத்திட்டாங்கள்," என்றார்.

"இல்லையப்பா! ரண்டையும் கூட்டினால் ஐம்பத்தேழுக்கு ஐம்பத்தாறு! அவைதான் அடுத்த சுற்று!"

"அது விளங்குது. நான் சொன்னது இஞ்ச வெல்ல வேணும் எண்டு." அவர் மெல்ல இருந்தார். அவர் முகத்தில் வெற்றிக் களிப்பு இல்லை என்பதைச் சொல்ல வேண்டும். வெளியே வர வழியில்லாத அறைக்குள் தன்னைத்தானே பூட்டிக்கொண்ட ஆள்போல இருந்தார். "சொன்ன சொல் எண்டு ஒண்டிருக்கு."

ஆயிரம் பொய் சொல்லியும் ஒரு கலியாணத்தைச் செய் என்பார்கள். எங்களுக்குப் பொய்கூடத் தேவைப்படவில்லை, உண்மையைக் கொஞ்சம் வளைத்தால் போதும். வளைத்தோம். சமன் என்றே வைத்துக்கொள்ளலாம் என்றேன் நான். கடைசிப் பந்தைப் பிடித்தவன் வென்றவன் என்றாள் அக்கா. அந்த ஊர்க்காரர்கள் ஆடுவதைப் பாருங்கள், தோற்றவர்கள் ஆடுவார்களா என்றாள் ஆரபி. அத்தான் எல்லாவற்றையும் கேட்டார். ஒன்றுக்கும் தலையசைக்கவில்லை. ஆரபியின் குரல் தாழ்ந்துகொண்டே வந்து நின்றுவிட்டது. அவள் கைப்பையை எடுத்துத் தோளில் போட்டாள். எனக்கு அத்தானைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல இருந்தது.

அப்போது மாத்தூஷ் படியேறி வந்தான். தாடையில் பந்து பட்ட இடம் சிவந்திருந்தது. ஆரபி முந்திக்கொண்டு, நீங்கள் வென்றதாக அப்பாவுக்கு நீயே விளக்கிச் சொல் என்று ஜெர்மனில் சொன்னாள்.

அவன் அத்தானுக்கு முன்னால் நின்றான்.

"ஹெர் இராசலிங்கம், இன்றைக்கு நாங்கள் தோற்றுவிட்டோம்," என்றான்.

"மாத்தூஷ்!" என்றாள் ஆரபி.

"அடுத்த சுற்றுக்குப் போவது கழகத்துக்குச் சந்தோஷம். எனக்கும்தான். ஆனால் நீங்கள் கேட்டது அதையல்ல. இங்கே வெல்ல வேண்டும் என்று கேட்டீர்கள். நான் இருபத்தெட்டுக் கோல் விட்டேன். முதல் பாதியில் மோசமாக ஆடினேன்." சாப்பாட்டைப் பற்றி அவன் ஒரு சொல்லும் சொல்லவில்லை. "அடுத்த முறை ஜெர்மனிக்கு வரும்போது வெல்லப் பார்க்கிறேன். அதுவரை நான் உங்களைக் கேட்கமாட்டேன். ஆரபியையும் கேட்கச் சொல்லமாட்டேன்."

தலையைச் சாய்த்து அக்காவுக்கு வணக்கம் சொல்லிவிட்டு, திரும்பிப் படியிறங்கினான்.

மடையன் என்று நினைத்தேன். கையில் வந்த பெண்ணைத் தானே தட்டிவிட்டுப் போகிறான். ஆரபி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டாள்.

அத்தான் கழுத்திலிருந்த துண்டைக் கழற்றி மடித்தார். திரும்ப விரித்தார். "ஆரபி," என்றார். குரல் அவருடையது மாதிரியே இல்லை. "கார் தொழிற்சாலைக்கு வர முந்தி நான் வைச்சிருந்த சாமான் கடை. அதை நல்ல ஆளுக்கு வித்தனான் எண்டு உங்கள் எல்லாருக்கும் சொன்னனான். விக்கேல்லை. ஓடேல்லை எண்டு பூட்டினனான். ஆறு மாசம் காலமை காலமை வெளிக்கிட்டுப்போய் ஸ்டேஷன்ல இருந்திட்டு வந்தனான். தோத்தன் எண்டு வீட்டில சொல்ல எனக்கு வாய் வரேல்லை."

எனக்கு அது புதுச் செய்தி. ஆரபிக்கும் புதுசு. நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம்.

"எனக்குத் தெரியும்," என்றாள் அக்கா. "பூட்டின அண்டைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் கேக்கேல்லை?" என்றார் அத்தான்.

"நீங்கள் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

எவ்வளவு காலம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று அத்தான் கேட்கவில்லை. அவருக்கே கணக்குத் தெரியும். கண்ணாடியைக் கழற்றி அந்த ஸ்லோவாக்கியத் துண்டாலேயே துடைத்தார், அதோடு கண்ணையும் துடைத்தார், மறைக்கவில்லை.

"உவன் ஒரு நிமிஷத்தில சொல்லிப்போட்டுப் போறான்," என்றார். "பெட்டையை இழக்கப்போறன் எண்டு தெரிஞ்சுகொண்டே சொல்லுறான். இவனுக்குக் குடுக்காமல் நான் வேற ஆருக்குக் குடுக்கிறது?"

"அப்ப, சொன்ன சொல்?" என்றேன். எனக்கு வாய் சும்மா இராது.

"என்ர சொல்லில நான் தோத்திட்டன். போதுமே?" என்றார் அத்தான். சொன்ன பிறகு, தான் சொன்னதைத் தானே கேட்டதுபோல ஒருதரம் நின்றார். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னால் வளைந்து, மேளச் சத்தத்துக்கு மேலால் கீழே பார்த்துக் கத்தினார்.

"மாப்பிள்ளை!"

அந்தச் சொல் மாத்தூஷுக்கு விளங்கியிருக்க நியாயமில்லை. ஆனால் ஆரபி படிகளில் ஓடி வருவதைப் பார்த்து நின்றான்.